நட்டவரும் பறித்தவரும்: இன்டெல் நிறுவனத்தின் தலைமையும் ஆலைத் தொழிலும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கிய ஆராய்ச்சி ஒன்றையே என்பதை யாம் அறிவோம். ஆயினும், கடந்த தவணையில் மேல்வகுப்பு மாணவர் சிலர் எம்மிடம் கொணர்ந்த ஐயம் ஒன்று எம் மனத்தை வேறு திசையிற் செலுத்திற்று. கணினிச் சில்லுகள் செய்யும் இன்டெல் என்னும் அமெரிக்க நிறுவனம் நலிவுற்றதென்றும், அதன் ஆலைகளைச் செப்பனிடும் பொறுப்பு, சென்னைப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பட்டம் பெற்ற நாகா சந்திரசேகரன் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டதென்றும் அவர்கள் எங்கோ படித்திருந்தனர். "ஒரு தலைவரை மாற்றினால் ஓர் ஆலை திருந்திவிடுமா, சேர்?" என்பது அவர்களது வினா. அன்று வகுப்பில் யாம் கூறிய விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. அதன்பின் பல மாலைப் பொழுதுகளில் இவ்விடயத்தைத் தேடிக் கற்றோம். கற்றதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் சொல்லைத் தெளிவுபடுத்தல் தமிழாசிரியர் கடன். நம் நாட்டுப் பேச்சுவழக்கிற் சில்லு என்றால் வண்டிச் சில்லு. ஆதலாற்போலும், கணினிச் சில்லு என்றவுடன் கீழ்வகுப்புச் சிறுவன் ஒருவன் கணினி உருண்டு செல்லுமோ என வினவினான். அவன் வினவியதிற் பிழையில்லை. உடைந்த ஓட்டுத் துண்டையும் சில்லு என்பர். சிறுமியர் நிலத்திற் கட்டம் கீறி எறிந்து விளையாடுவதும் அதுவே. மெல்லிய சிறு துண்டு என்னும் அப்பொருளிலேயே இச்சொல் ஈண்டு வழங்குகின்றது. விரல் நகத்தளவான சிலிக்கன் துண்டொன்றின்மேற் பல கோடி திரான்சிற்றர்கள் அமைந்ததே கணினிச் சில்லு. திரான்சிற்றர் என்பது மின்னோட்டத்தைச் செல்ல விடுவதும் தடுப்பதுமாகிய ஒரு வாயில். வாயில் திறந்தால் ஒன்று, மூடினால் பூச்சியம். இவ்விரண்டையும் கொண்டே கணினி எண்ணுகின்றது, எழுதுகின்றது, படமும் காட்டுகின்றது.

சில்லு உருவாகும் விதம்

சிலிக்கன் எங்கோ தொலைதேசத்திற் கிடைக்கும் அரும்பொருளன்று. நம் மாவட்டத்தில் நாவுலைப் பகுதியிலும் இரத்தோட்டைப் பகுதியிலும் பாறைக்குள் நரம்புபோல ஓடுகின்ற வெண்படிகக் கல்லில் இருப்பவை சிலிக்கனும் ஒட்சிசனுமே. அத்தகைய கல்லை மின்னுலையிற் கரியோடு சேர்த்துச் சூடாக்கி ஒட்சிசனை நீக்கிப் பின்னர்ப் பலமுறை தூய்மை செய்தால், நூறு கோடி அணுக்களுள் ஒன்றளவே பிற பொருள் கலந்த சிலிக்கன் கிடைக்கும். அதனை உருக்கி ஒற்றைப் பளிங்குத் தூணாக இழுத்தெடுத்து மெல்லிய வட்டத் தட்டுகளாக அறுப்பர். இக்காலத்துத் தட்டின் விட்டம் 300 மில்லிமீற்றர். நாம் சோறுண்ணும் தட்டினும் சற்றுப் பெரிது. கல்லுக்கு விலை சொற்பம். தட்டின்மேல் எழுதும் எழுத்துக்கே விலை.

எழுத்து என்று யாம் கூறுவது உவமைக்காக மட்டுமன்று. நம் நகரத்துக்கு அணித்தேயுள்ள அளுவிகாரையில், வட்டகாமினி அபய மன்னன் காலத்தில், கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிற் பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது வரலாற்று மரபு. பாடசாலைச் சுற்றுலாவில் அங்கு சென்றோர் ஓலையில் எழுதும் முறையைக் கண்டிருப்பர். எழுத்தாணி ஓலையைக் கீறும். கீறல் கண்ணுக்குப் புலனாகாது. கரிமையைத் தடவித் துடைத்தால், மேற்பரப்பின் மை அகன்றுவிடக் கீறலுட் புகுந்த மை மாத்திரம் தங்கி எழுத்தாய்த் தோன்றும். சில்லு செய்வோரும் ஏறக்குறைய இதனையே செய்கின்றனர். ஒளிபட்டால் மாறுகின்ற பூச்சொன்றைத் தட்டின்மேற் பூசுவர், ஒளியால் எழுதுவர், எழுதிய வழியே வாயுவைக் கொண்டு கீறுவர், கீறலுட் செம்பை நிரப்புவர், மேலே மிஞ்சிய செம்பைத் தேய்த்து அகற்றுவர். ஓலைக்கு இஃது ஒருமுறை. சில்லுக்கோ படையின்மேற் படையாகத் தொடர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளாய், மூன்று மாதமளவு நீள்கின்றது.

இவ்வாயிரம் படிகளுள் ஏதேனும் ஒன்றில் ஒரு தூசு விழுந்தாலும், ஒரு படை இம்மியளவு விலகினாலும் அவ்விடத்துச் சில்லு பழுதாம். ஒரு தட்டிலிருந்து ஐந்நூறு சில்லுகள் வெட்டலாமென வைத்துக்கொள்வோம். நானூறு தேறினால் ஆலைக்கு இலாபம். நூற்றைம்பது தேறினால் நட்டம். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒன்றே. தேயிலை ஆலையிற் பணிபுரியும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாவதும், வாட்டும் மாடியில் ஓரிரவு நேர்ந்த தவற்றை அரைக்கும் பொறியோ உலர்த்தும் அடுப்போ திருத்தமாட்டாமையும் அவர்கள் வீட்டுப் பேச்சு. ரோதைமுனிக்குப் பூசை செய்துவிட்டே பொறியை ஓட்டத் தொடங்கிய அக்காலத் தொழிலாளர், ஆலை என்பது மனிதன் முற்றாக ஆளமுடியாத ஒன்று என்பதை உணர்ந்திருந்தனர் என்றே எமக்குத் தோன்றுகின்றது. சில்லு ஆலையில் தேறும் வீதமே உயிர்நிலை. இன்டெல் நிறுவனத்தின் கதை முழுவதும் இவ்வீதத்தின் ஏற்றத்தாழ்வே எனினும் மிகையாகாது.

உயர்ந்த காலம்

இன்டெல் 1968 ஆம் ஆண்டு யூலை மாதம் கலிபோர்னியாவில் ரொபேட் நொய்ஸ், கோர்டன் மூர் என்னும் இரு அறிஞராற் தொடங்கப்பெற்றது. ஒரு சில்லிற் பொருத்தக்கூடிய உறுப்புகளின் தொகை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என 1965 இல் எழுதியவரும், 1975 இல் அதனை ஈராண்டுக்கொருமுறை எனத் திருத்தியவரும் இந்த மூரே. 1971 இல் யப்பானியக் கணிப்பான் நிறுவனம் ஒன்றுக்காக இன்டெல் செய்த 4004 என்னும் நுண்முறைவழியாக்கியில் இருந்த திரான்சிற்றர்கள் 2,300 மாத்திரமே.

எனினும் அந்நிறுவனத்தின் பெரும் வருவாய் அக்காலத்தில் நினைவகச் சில்லுகளிலிருந்தே வந்தது. 1980 களில் யப்பானிய ஆலைகள் அத்தொழிலிற் புகுந்தன. அவற்றின் தேறும் வீதம் அமெரிக்க ஆலைகளினும் உயர்ந்திருந்தமையால் விலையும் தாழ்ந்தது. 1985 இல் இன்டெல் தன் தாய்த் தொழிலாகிய நினைவகத்தைக் கைவிட்டது. இம்முடிவு பிறந்த விதத்தை அண்ட்ரூ குரோவ் 1996 இல் வெளியிட்ட நூலிற் கூறியுள்ளார். நம்மைப் பதவியினின்று அகற்றிப் புதிய தலைவர் ஒருவரைக் கொணர்ந்தால் அவர் யாது செய்வார் என்று குரோவ் மூரை வினவினார். நினைவகத்தைக் கைவிடுவார் என்று மூர் விடையிறுத்தார். அங்ஙனமாயின் நாமே வெளியே சென்று மீண்டும் உள்ளே வந்து அதனைச் செய்தாலென்ன என்றார் குரோவ். புதிய தலைவரைத் தேடாமல், தாமே புதியவராகி நோக்கிய இந்நிகழ்ச்சியை மாணவர் மறவாது மனங்கொள்ளல் நன்று. பின்னர் நிகழ்ந்தவற்றை அளக்க அஃது ஓர் அளவுகோலாம்.

தொழிலை மாற்றியது மாத்திரம் போதவில்லை. ஆலையையும் திருத்தவேண்டியிருந்தது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் பொருளியல்பு கற்பித்துவிட்டு 1974 இல் இன்டெலிற் சேர்ந்த கிறெய்க் பரெட் அப்பணியை ஏற்றார். ஓர் ஆலையிற் செம்மையாக அமைந்த செய்முறையை மற்றைய ஆலைகளில் எள்ளளவும் மாற்றாது அப்படியே படியெடுக்கும் ஒழுங்கை நிலைநிறுத்தியவர் அவரே. ஏட்டைப் பெயர்த்தெழுதும் பழம்புலவர்க்கு இவ்வொழுங்கு வியப்பளித்திராது. மூலத்தில் உள்ளதைத் தன் அறிவால் திருத்தப் புகுந்த பிரதிகாரனாலேயே பாடபேதங்கள் பெருகின என்பதை நம் பதிப்பாசிரியர்கள் அனைவரும் முறையிட்டுள்ளனர். பரெட் 1998 இல் நிறுவனத் தலைவருமானார். அதன்பின் பல ஆண்டுகள் உலகில் வேறெவரும் எட்டமுடியாத நிலையில் இன்டெல் ஆலைகள் இருந்தன.

தளர்ச்சியின் தோற்றம்

அக்காலத்திலேயே தாய்வானில் வேறொரு மரம் வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் டெக்சஸ் இன்ஸ்ற்றுமென்ற்ஸ் நிறுவனத்திற் கால் நூற்றாண்டு பணிபுரிந்த மொறிஸ் சாங், 1987 இல் அங்கு ரி.எஸ்.எம்.சி. என்னும் ஆலையைத் தோற்றுவித்தார். தமக்கெனச் சில்லு எதனையும் வரையாது, பிறர் வரைந்து தருவதைச் செய்து கொடுப்பதே அவ்வாலையின் தொழில். நெல் விளைவிப்போர் பலர். குற்றிக் கொடுக்கும் ஆலை ஒன்று. இன்டெலோ தன் நெல்லைத் தானே குற்றுவது. கைபேசி பெருகிய காலத்தில் கைபேசிச் சில்லு வரைந்தோர் யாவரும் தாய்வான் ஆலையையே நாடினர். ஆயிரம் தட்டு செய்தவரிலும் பத்தாயிரம் தட்டு செய்தவர்க்குக் கை பழகும் என்பது கைத்தொழிலின் இயல்பு. ஆப்பிள் நிறுவனத்தின் கைபேசிக்குச் சில்லு செய்யும் வாய்ப்பை அதன் தொடக்கத்தில் இன்டெல் ஏலாது விட்டது. அப்போதைய தலைவர் போல் ஒட்டெலினி 2013 இற் பதவி துறக்கும் வேளையில் இதனை வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

வீழ்ச்சியின் வேர் இதனோடு நின்றுவிடவில்லை. இன்டெல் 10 நனோமீற்றர் எனப் பெயரிட்ட செய்முறையில் அஃது ஆழமாய் ஓடிற்று. (இவ்வெண்கள் இன்று உண்மையளவுகளல்ல, வகுப்புகளுக்கு இடும் பெயர்கள் போன்றவை. ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.) முந்திய தலைமுறையினும் இருமடங்கு நெருக்கமாக எழுதுவது மரபாயிருக்க, இம்முறை 2.7 மடங்கு நெருக்கமாக, ஒரு சதுர மில்லிமீற்றரிற் பத்துக் கோடி திரான்சிற்றர் அமைப்பதென முடிவு செய்யப்பட்டது. இத்துணை நுண்ணிய எழுத்துக்கு ஏற்ற எழுத்தாணி அப்போது இருக்கவில்லை. பழைய ஒளியின் அலைநீளம் 193 நனோமீற்றர். தடித்த ஆணியால் நுண்ணெழுத்து எழுத முயல்வார்போல, ஒரே படையைப் பலமுறை பிரித்துப் பிரித்து எழுத நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் பிழைக்கு ஒரு புதிய வாயில் திறந்தது. செம்புக்குப் பதிலாகச் சில படைகளிற் கோபாற்று என்னும் உலோகமும் அதே வேளையிற் புகுத்தப்பட்டது.

நுண்ணிய எழுத்தாணி ஒன்று ஒல்லாந்து நாட்டு ஏ.எஸ்.எம்.எல். நிறுவனத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 வீதம் சொரியவிட்டு, ஒவ்வொரு துளியையும் லேசர் ஒளியால் தாக்கி, 13.5 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியைப் பிறப்பிக்கும் பொறி அது. அதனை ஆக்குதற்கு 2012 இற் பெரும்பணம் முதலிட்டவர்களுள் இன்டெலும் ஒன்று. ஆனால் தன் பணத்தால் வளர்ந்த அப்பொறியைத் தான் பயன்படுத்தத் தாமதித்தது. தாய்வான் ஆலை 2019 இலேயே அதனைக் கொண்டு பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிவிட்டது. கன்று வாங்கப் பணம் கொடுத்தவர் ஒருவர், பால் கறந்தவர் மற்றொருவர் என்றாயிற்று.

10 நனோமீற்றர்ச் சில்லு 2017 க்குத் தள்ளிப் போவதாக 2015 யூலையில் அறிவித்தனர். 2018 ஏப்ரிலில் மீண்டும் 2019 க்குத் தள்ளினர். அடுத்த தலைமுறையாகிய 7 நனோமீற்றரும் பிந்தும், தேறும் வீதம் ஓராண்டு பின்னடைந்துள்ளது என்று 2020 யூலையிற் கூறினர். அதற்கு முந்திய மாதமே ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் இன்டெல் சில்லைக் கைவிடுவதாகக் கூறிவிட்டது. 2021 இல் இன்டெல் தன் பெயரீட்டு முறையை மாற்றி, 10 நனோமீற்றரின் திருந்திய வடிவத்துக்கு "இன்டெல் 7" என்று பெயரிட்டது. பெயர் மாற்றத்திற்கு ஆயிரம் படிகள் தேவையில்லையே.

தலைவர்கள்

இப்போது மாணவர் வினாவுக்கு வருவோம். ஒட்டெலினிக்குப் பின் 2013 இல் வந்த பிறையன் கிறிசானிச் ஆலையில் வளர்ந்த பொறியியலாளர். அவர் காலத்திலேயே ஆலை தடுமாறிற்று. ஆகவே, ஆலையை அறிந்தவர் தலைவரானால் ஆலை சிறக்கும் என்று எளிதிற் கூறிவிட இயலாது. யாமும் முதலில் அவ்வாறே எண்ணியிருந்தோம். 2018 யூனில் ஆலையோடு தொடர்பற்ற காரணத்தால் அவர் விலக, நிதித்துறைத் தலைவர் பொப் சுவான் பொறுப்பேற்றார். அவர் பொறியியலாளர் அல்லர். ஆயினும் 2020 இல் வெளிப்பட்ட பின்னடைவு அவர் நட்ட மரத்தின் கனியன்று. 2021 பெப்ரவரியில் பாட் கெல்சிங்கர் வந்தார். பதினெட்டு வயதில் இன்டெலிற் சேர்ந்து, 80486 என்னும் புகழ்பெற்ற சில்லின் வடிவமைப்பை நடத்தி, 2009 இல் வெளியேறி, பன்னிரண்டு ஆண்டின்பின் தலைவராய் மீண்டவர். நான்கு ஆண்டில் ஐந்து தலைமுறைச் செய்முறைகளை முடிப்பதென்றும், தாய்வானைப் போற் பிறர்க்கும் சில்லு செய்து கொடுப்பதென்றும், ஒகையோவிலும் ஜேர்மனியிலும் பெரும் ஆலைகள் கட்டுவதென்றும் அவர் வகுத்த திட்டம் பரந்தது, செலவும் அவ்வாறே.

செலவு முன்னே சென்றது. வாடிக்கையாளர் பின்னே வரவில்லை. ஆலைப் பிரிவு 2023 இல் 7 பில்லியன் டொலர், 2024 இல் ஏறத்தாழ 13 பில்லியன் டொலர் நட்டமடைந்தது (பில்லியன் என்பது நூறு கோடி). 2024 ஓகஸ்ட் முதலாம் நாள், பதினையாயிரம் பேரை நீக்குவதாகவும் பங்கிலாபத்தை நிறுத்துவதாகவும் அறிவிக்க, மறுநாள் பங்கின் விலை நாலில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. அவ்வாண்டு முழுவதற்குமான நட்டம் 18.8 பில்லியன். நவம்பரில் டவ் ஜோன்ஸ் பட்டியலில் இன்டெலின் இடத்தை என்விடியா பெற்றது. டிசெம்பர் முதலாம் நாள் கெல்சிங்கர் ஓய்வு பெற்றதாக அறிவித்தனர். இயக்குநர் சபை அவர்பால் நம்பிக்கை இழந்தமையே காரணம் என்று பத்திரிகைகள் எழுதின.

இந்த நெருக்கடியின் நடுவே, 2024 யூலையில் அறிவிக்கப்பட்டதே நாகா சந்திரசேகரனின் நியமனம். சென்னையில் இயந்திரப் பொறியியல் கற்று, அமெரிக்காவில் ஒக்லகோமா மாநிலப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, மைக்ரன் என்னும் நினைவகச் சில்லு நிறுவனத்தில் இருபது ஆண்டுக்கு மேற் பணிபுரிந்தவர் அவர். இந்நியமனத்தில் இரண்டு செய்திகள் எம்மை நிறுத்திச் சிந்திக்க வைத்தன. ஒன்று, தன் ஆலைத் தலைவர்களைத் தன்னகத்தேயே வளர்த்தெடுத்து வந்த இன்டெல், வெளியிலிருந்து ஒருவரை அழைத்தது. குரோவும் மூரும் கற்பனையிற் கண்ட "வெளியிலிருந்து வரும் புதியவர்" நாற்பது ஆண்டின்பின் மெய்யாகவே வாயிலில் வந்து நின்றார். மற்றையது, அவர் வந்த இடம். இன்டெல் 1985 இல் எந்தத் தொழிலைப் போட்டிக்கு ஆற்றாது கைவிட்டதோ, அந்தத் தொழிலிலேயே அன்று முதல் தாக்குப்பிடித்து நின்ற அமெரிக்க நிறுவனம் மைக்ரன். நினைவகச் சில்லுக்குப் பெயரும் புகழும் இல்லை. சந்தையில் அரிசி போல் விலைகூறி விற்பது அது. தேறும் வீதம் ஒரு விழுக்காடு குறைந்தாலும் உயிர்வாழ இயலாத அத்தொழிலிற் பயின்ற கை, இலாபத்திற் செழித்துக் கவனம் தளர்ந்த ஆலைக்குத் தேவைப்பட்டது. ஆலையின் அன்றாட உற்பத்தி முதலில் அவரிடம் வந்தது. புதிய செய்முறைகளை ஆக்கும் பிரிவை நடத்திய அயர்லாந்து நாட்டவரான ஆன் கெலெகர் 2025 இல் ஓய்வு பெற, அதுவும் அவரிடம் சேர்ந்தது. ஆக்குவோரும் செய்வோரும் ஒரே தலைமையின்கீழ் வந்தமை, எம் சிற்றறிவுக்கு, பெரிய பதவி மாற்றங்கள் பலவற்றிலும் முதன்மையானதாகப் படுகின்றது. இரு பிரிவினரும் தவறு மற்றவரது என்று கூறும் வழி அடைபடுகின்றதன்றோ.

2025 மார்ச்சில் நிறுவனத் தலைவராக லிப் பூ டான் வந்தார். மலேசியாவின் மூவாரிற் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்து நன்யாங் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயின்றவர்; சில்லு வரைவோர்க்கு மென்பொருள் ஆக்கும் கேடன்ஸ் நிறுவனத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் நடத்தியவர். இன்டெலின் இயக்குநர் சபையில் ஈராண்டு இருந்து 2024 ஓகஸ்டில் விலகியவரும்கூட. அவர் பல துறைகளுக்கும் புதியவரை வெளியிலிருந்து அழைத்தார். ஆம் நிறுவனத்திலிருந்து கெவோர்க் கெச்சிச்சியன் வந்தார். செயற்கை நுண்ணறிவுப் பகுதியை 2025 ஏப்ரிலிற் பெற்ற சச்சின் காட்டி, அவ்வாண்டு நவம்பரிலேயே வேறு நிறுவனத்துக்குச் சென்றுவிட்டார். பதவிகளின் வரவும் செலவும் பற்றி யாம் இதற்குமேல் எழுதப் புகவில்லை. செய்தித்தாளுக்கு அவை உணவாகும், ஆலைக்கு ஆகமாட்டா. டான் செய்தவற்றுள் ஆலையைத் தொட்டது, தேவை எழுமுன் கட்டுவதை நிறுத்தியமையே. தேவைக்கு முந்தி அளவுக்கு மிஞ்சி முதலிட்டோம் என்று யூலையில் ஊழியர்க்கு எழுதினார். ஜேர்மனி, போலந்துத் திட்டங்களைக் கைவிட்டார். பணியாளர் தொகையை 75,000 அளவுக்குக் குறைப்பதாகவும் அறிவித்தார். ஓகஸ்டில் அமெரிக்க அரசு 8.9 பில்லியன் டொலருக்குப் பத்தில் ஒரு பங்களவு உரிமையைப் பெற்றது. செப்டெம்பரில் என்விடியா 5 பில்லியன் முதலிடுவதாக அறிவித்தது.

காலக் கணக்கு

மாத்தளையில் வாழ்வோர்க்குச் சாதிக்காய் மரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை; ஆயினும் வெளியூரிலிருந்து இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பொருட்டுக் கூறுகின்றோம். விதையிட்டு முளைத்த கன்று ஏழெட்டு ஆண்டு சென்றே பயன் தரும். அஃது ஆண் மரமா பெண் மரமா என்பது பூக்கும்வரை தெரியாது. ஆண் மரம் காய்ப்பதில்லை. நட்டவர் நிலத்தை விற்றுவிட்டுப் போயிருக்கலாம். வந்தவர் நல்ல காய்ப்பைக் கண்டு தம் உரத்தைப் புகழலாம். காய்ப்பின்மையைக் கண்டு, நேற்று அமர்த்திய தோட்டக்காரனை வையலாம்.

இன்டெலின் தலைவர்களை அவர்களது ஆண்டுகளோடு நிரைப்படுத்தி, கீழே செய்முறைகள் தீர்மானிக்கப்பட்ட ஆண்டுகளையும் அவை கனிந்த ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிப் பார்த்தபோது எமக்குக் கிடைத்த விடை இதுவே. ஒரு செய்முறையை வகுத்து, பொறி வாங்கி, ஆலை கட்டி, தட்டுகள் தேறத் தொடங்க ஐந்தாறு ஆண்டுகள் செல்கின்றன. 2013 க்குப் பின்னர் இன்டெலில் எந்தத் தலைவரும் ஆறு ஆண்டு நிறைவாக இருந்ததில்லை. ஆகவே தலைவர் ஒருவர் பெறும் பழியும் புகழும் பெரும்பாலும் அவருக்கு முந்தியவர்க்கு உரியன. பங்குச் சந்தையோ மூன்று மாதத்துக்கொருமுறை கணக்குக் கேட்கின்றது.

இக்கூற்றுக்குச் சான்று 18ஏ என்னும் செய்முறை. மின்வாயிலை நாற்புறமும் சூழ்ந்து கட்டுப்படுத்தும் புதிய திரான்சிற்றரும், மின்சாரத்தைத் தட்டின் பின்புறமாகக் கொணரும் அமைப்பும் அதில் ஒருங்கே உள்ளன. ஓலையின் இருபுறமும் எழுதுவது போல்வது இது. முன்புறத்தில் நெருங்கிக் கிடந்த கம்பிகளுக்கு இடம் கிடைக்கின்றது. இதனை நட்டவர் கெல்சிங்கர். வழியில், இதற்கு முந்திய 20ஏ என்னும் செய்முறையை 2024 செப்டெம்பரிற் கைவிட்டு முழுக் கவனத்தையும் 18ஏ மீது வைத்தவரும் அவரே. அவர் பதவி நீங்கி ஓராண்டு நிறையுமுன், 2025 ஒக்டோபரில், அரிசோனா மாநிலத்துச் சாண்ட்லரிலுள்ள 52 ஆம் ஆலையில் அச்செய்முறையாற் செய்யப்பெறும் முதற் கணினிச் சில்லுகளை லிப் பூ டான் உலகுக்குக் காட்டினார். ஆயினும் தேறும் வீதம் சந்தைக்குக் கொடுக்கப் போதும், தக்க இலாபத்துக்கு இன்னும் போதாது என்று அம்மாதமே நிதித்துறைத் தலைவர் கூறினார். அப்போதும் போதாமையின் அளவு மாதந்தோறும் சந்திரசேகரனின் மேசைக்கே வந்துகொண்டிருந்தது.

கை விட்டுப்போன தொழிலை மீட்டலின் அருமையை இந்தியாவின் மொகாலி ஆலையும் காட்டும். 1984 இல் உற்பத்தி தொடங்கிய அரசினர் சில்லு ஆலை அது. தாய்வானில் மொறிஸ் சாங் தொடங்குதற்கு மூன்று ஆண்டு முந்தியது. 1989 பெப்ரவரியில் எழுந்த தீ அதனை அழித்தது. மீண்டும் உற்பத்தி தொடங்க 1997 ஆயிற்று. எட்டு ஆண்டுக்குள் உலகம் பல தலைமுறை கடந்துவிட்டது. அவ்வாலை பின்னர் 2006 முதல் விண்வெளித் துறையின் தேவைகளுக்கு உழைத்தது. தீயினால் எரிந்த பொறியை விலைக்கு வாங்கலாம். அந்த எட்டு ஆண்டில் செய்திருக்க வேண்டிய பிழைகளையும் அவற்றாற் கற்றிருக்க வேண்டியவற்றையும் எங்கே வாங்குவது? இன்டெலிடமிருந்து தீ எதுவும் ஆலையைப் பறிக்கவில்லை. எனினும் 2015 முதல் 2020 வரை அஃதும் காலத்தை இழந்தது.

எனவே மாணவர்க்கு யாம் இப்போது கூறும் விடை இது. தலைவர் மாறினால் ஆலை திருந்துமா என்று கேட்பதினும், திருந்தும்வரை அத்தலைவர் இருக்கவிடப்படுவாரா என்று கேட்பதே பொருந்தும். புதிய தலைவர் உடனே செய்யக்கூடியவை சிலவே: வீண்செலவை நிறுத்தலாம், ஆக்குவோரையும் செய்வோரையும் ஓரிடத்தில் இருத்தலாம், தவற்றைச் சொல்ல வருவோர்க்குக் கதவைத் திறந்து வைக்கலாம். தேறும் வீதம் இவற்றுக்குப் பின்னர், தனக்குரிய காலத்தில், சிறிது சிறிதாக ஏறும். அன்றி ஏறாமலும் போகும்.

18ஏ முறைக்கு அடுத்தது 14ஏ. அதற்குப் போதிய வெளி வாடிக்கையாளர் கிடையாவிடின் அம்முறையையே இடைநிறுத்தவோ கைவிடவோ நேரலாம் என்று 2025 யூலையில் அரசுக்கு அளித்த அறிக்கையில் இன்டெல் எழுதியது. கன்று நட்டாயிற்று, நீரும் ஊற்றுகின்றனர். இந்த வினாவை எம்மிடம் கொணர்ந்த மாணவர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளிவரும் காலத்திலேயே அது பூக்கும். ஆண் மரமோ பெண் மரமோ என்பது அன்று தெரியும்; அப்போது அந்த நாற்காலியில் யார் இருப்பார் என்பதும்.